கொங்கா முழங்குது, கிட்டார் பேசுது! "லத்தீன் ராக்" பிறந்த கதை

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந்தேதி, சனிக்கிழமை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை. அதன் புல்வெளியில் சுமார் 4 லட்சம் பேர் கூடி இருந்தார்கள். எங்கு பார்த்தாலும் தலை, தலை, தலை! "உட்ஸ்டாக்" என்ற இசை விழாவுக்கு வந்த கூட்டம் அது.

பகல் வேளையில் ஒரு புதிய கோஷ்டி மேடை ஏறியது. "சந்தானா" என்பது கோஷ்டியின் பெயர். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுடைய முதல் இசைத்தட்டு அப்போது கடைக்குக்கூட வரவில்லை.

கிட்டார் வாசித்தவருக்கு வயது 22. டிரம் அடித்தவருக்கு வயது 20.

முதலில் மத்தளங்கள் பேசின. பிறகு ஆர்கன் சேர்ந்தது. அதன் மேல் கிட்டார் ஏறியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஆடினார்கள். வாசித்து முடித்தபோது அந்தக் கோஷ்டியின் தலைவிதியே மாறிவிட்டது!

அன்று அவர்கள் வாசித்த இசைக்குப் பெயர் "லத்தீன் ராக்".

பாத்திரம் கழுவிய கை

அந்தக் கிட்டார்காரரின் பெயர் கார்லோஸ் சந்தானா. மெக்சிகோ நாட்டில் ஆட்லான் என்ற சிற்றூரில் 1947-ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் ஹோசே சந்தானா பிடில் வித்துவான். மெக்சிகோவில் கல்யாணம், திருவிழா எதுவானாலும் "மரியாச்சி" என்ற கோஷ்டி வந்து வாசிக்கும். நம் ஊர் மேளத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வாசித்துத்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மகனுக்கும் பிடிலைத்தான் கற்றுக்கொடுத்தார். மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டான்.

பிழைப்புக்காகக் குடும்பம் டிஹுவானா என்ற எல்லைப்புற ஊருக்கு வந்தது. அங்கே தெருவில் நின்று, வேடிக்கை பார்க்க வரும் அமெரிக்கர்களுக்கு வாசித்துச் சில்லறை சம்பாதித்தான் சிறுவன். பிறகு குடும்பம் அமெரிக்காவுக்கே போய் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியது. அங்கே பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவார் கார்லோஸ். இரவில் கிட்டார் வாசிப்பார். 1966-ஆம் ஆண்டில் கோஷ்டி தொடங்கினார்.

அந்தக் கோஷ்டியில் ஒரே இனத்தார் இல்லை. ஆர்கன் வாசித்தவர் வெள்ளையர். "பேஸ்" கிட்டார் வாசித்தவர் கறுப்பர். மத்தளக்காரர்களில் ஒருவரான செப்பீட்டோ ஆரியாஸ் நிகராகுவா நாட்டில் பிறந்தவர். அவரவர் தாம் பிறந்த வீட்டுச் சங்கீதத்தைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் கலந்தது.

எது லத்தீன்?

"லத்தீன்" என்றதும் மாதா கோயில் பூசை மொழிதான் நினைவுக்கு வரும். இது வேறு.

ஸ்பெயின், போர்ச்சுகல் தேசத்தார் ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்து ஆண்டார்கள். அவர்களுடைய மொழிகள் லத்தீனிலிருந்து பிறந்தவை. ஆகவே மெக்சிகோ முதல் அர்ஜென்டினா, சிலி வரை உள்ள நாடுகளுக்கு "லத்தீன் அமெரிக்கா" என்று பெயர் வந்தது.

ஆனால் இந்த இசையின் உயிர் ஸ்பெயினிலிருந்து மட்டும் வந்தது அல்ல. கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களை அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. மனதில் தாளத்தைக் கொண்டுவந்தார்கள்! கியூபாத் தீவில் அந்தத் தாளமும் ஸ்பானியப் பாட்டும் கலந்தன. "சன்", "மாம்போ", "சா சா சா" என்று வகை வகையான ஆட்ட இசைகள் பிறந்தன.

அந்தத் தாளத்தை, அமெரிக்காவின் "ராக்" இசையில் வரும் மின்சாரக் கிட்டாரோடு சேர்த்தால் லத்தீன் ராக். சுருக்கம் அவ்வளவுதான். ஆனால் சேர்ப்பது எளிதல்ல. ஏன்?

மேஜையில் தட்டிப் பாருங்கள்

வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

ஒருவர் 1 முதல் 16 வரை ஒரே சீராக எண்ண வேண்டும். அவர் 1, 5, 9, 13 என்ற எண்களில் காலைத் தட்ட வேண்டும். இதுதான் ராக் இசையின் நடை. நேரான நடை.

இன்னொருவர் அதே எண்ணிக்கைக்கு 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் கையைத் தட்ட வேண்டும். முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு.

இரண்டும் எங்கே சேருகின்றன? ஒன்றிலும் பதின்மூன்றிலும் மட்டுமே! மற்ற மூன்று தட்டுகளும் இடுக்கில் விழுகின்றன. அந்த இடுக்கில்தான் ஆட்டம் இருக்கிறது. ஒரு பத்துத் தடவை விடாமல் தட்டினால் உடம்பு தானாக அசையும். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த ஐந்து தட்டுக்கு "கிளாவே" என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் "திறவுகோல்" என்று பொருள். இதைத் தட்டுவதற்கென்றே இரண்டு கெட்டியான மரக்குச்சிகள் உண்டு. அவற்றுக்கும் கிளாவே என்றே பெயர். கியூபாவின் தலைநகரான ஹவானாவில் கப்பல் கட்டும் துறையில் பலகைகளை இணைக்கப் பயன்பட்ட மரமுளைகளே இந்தக் குச்சிகளாக மாறின என்று சொல்வார்கள்.

மற்ற வாத்தியங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கொங்கா" என்பது ஆளின் இடுப்பளவு உயரமுள்ள மத்தளம். பீப்பாய் போல இருக்கும். நம் மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் தோல். இதற்கு மேல் பக்கம் மட்டுமே. நின்றபடி வெறும் கையால் தட்டுவார்கள். உருவானது கியூபாவில். மூலம் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதி மத்தளங்கள்.

"டிம்பாலே" என்பது உலோகத்தால் ஆன இரட்டை மத்தளம். குச்சியால் அடிப்பார்கள். பக்கத்தில் மாட்டுக் கழுத்து மணி போன்ற ஒரு மணியும் மாட்டி இருக்கும். "கீரோ" என்பது வேறொன்றுமில்லை, சுரைக்குடுக்கைதான். மேலே வரிவரியாகக் கீறிக் குச்சியால் தேய்ப்பார்கள். "கர்ர்... கர்ர்..." என்று பேசும்.

ராக் கோஷ்டியில் டிரம் அடிப்பவர் ஒருவர். லத்தீன் ராக் கோஷ்டியில் தாளத்துக்கே மூன்று பேர், நான்கு பேர்! அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வேறு வேறாக வாசிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் மிதித்துவிடவும் கூடாது.

ஒரு பாட்டின் பயணம்

1970-ஆம் ஆண்டில் சந்தானாவின் இரண்டாவது நெடுந்தட்டு வந்தது. பெயர் "அப்ராக்சஸ்". அமெரிக்காவில் வாரந்தோறும் வெளிவரும் விற்பனைப் பட்டியலில் அது முதல் இடத்தைப் பிடித்தது.

அதில் ஒரு பாட்டு "ஓயே கோமோ வா". அந்தப் பாட்டைக் கார்லோஸ் எழுதவில்லை. எழுதியவர் டீட்டோ புவெந்தே. போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். டிம்பாலே வாத்தியத்தில் மன்னர்.

அவர் அதைத் தம் கோஷ்டியோடு 1960-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார். அதற்கும் ஒரு தாய் உண்டு. கியூபாவின் "கச்சாவோ" என்ற மேதை அமைத்த "சஞ்சுயோ" என்ற மெட்டின் தொடக்கமும் இதுவும் ஒன்று போலவே இருக்கும். ஆக, ஹவானாவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் பாய்ந்து, உலகமெல்லாம் சுற்றிவிட்டது ஒரே மெட்டு!

"சந்தானாவின் பாட்டை வாசியுங்கள்" என்று ஜனங்கள் டீட்டோ புவெந்தேயிடமே கேட்பார்களாம். தம்முடைய பாட்டை இன்னொருவர் பாட்டு என்கிறார்களே என்று முதலில் அவருக்கு எரிச்சல். பிறகு உரிமைத் தொகைக்கான காசோலை வந்தது. எரிச்சல் பறந்துவிட்டது! இதை அவரே மேடையில் சொல்லிச் சிரிப்பார்.

சந்தானாவின் முதல் தட்டில் உள்ள "ஜிங்கோ" என்ற பாட்டும் இப்படித்தான். அதன் கர்த்தா நைஜீரியாவைச் சேர்ந்த ஒலாத்துஞ்சி என்ற மத்தள வித்துவான்.

இந்த ஒலாத்துஞ்சிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1991-ஆம் ஆண்டில் "பிளானெட் டிரம்" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. பல நாட்டுத் தாள வித்துவான்கள் அதில் சேர்ந்து வாசித்தார்கள். ஒலாத்துஞ்சி ஒருவர். கொங்கா வித்துவான் ஜொவானி ஹிடால்கோ ஒருவர். தபலா ஜாகிர் உசேன் ஒருவர். கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயகராம்! அந்தத் தட்டுக்கு அமெரிக்காவின் "கிராமி" பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்க மத்தளமும் நம் ஊர் மண்பானையும் ஒரே தட்டில் பேசின.

கார்லோஸ் சந்தானாவும் 1970-களில் சில ஆண்டுகள் வங்காளத்தில் பிறந்த ஸ்ரீ சின்மய் என்ற குருவிடம் சீடராக இருந்தார். அப்போது அவருக்கு "தேவதீப்" என்று பெயர்.

பெயரை மறைத்த பையன்

சந்தானாதான் முதல்வர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பையன் இருந்தான். ரிச்சர்டு வாலென்சுவேலா என்பது அவன் பெயர். மெக்சிகோ வம்சம். ஆனால் ஸ்பானிய மொழி சரியாகப் பேச வராது. மெக்சிகோப் பெயர் என்றால் வெள்ளையர் வானொலிகள் தட்டைப் போடமாட்டார்கள் என்று, இசைத்தட்டு முதலாளி பெயரை வெட்டினார். "ரிச்சி வாலென்ஸ்" ஆனான் பையன்.

1958-ஆம் ஆண்டில் அவன் பாடிய "லா பம்பா" வெளிவந்தது. மெக்சிகோவில் வெராக்ரூஸ் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் நாட்டுப் பாடல் அது. அதை மின்சாரக் கிட்டாரில் ஏற்றினான். முழுப்பாட்டும் ஸ்பானிய மொழி! அமெரிக்கா முழுவதும் கேட்டது.

ரிச்சிக்கு ஆகாய விமானம் என்றால் நடுக்கம். காரணம் உண்டு. 1957-ஆம் ஆண்டு ஜனவரியில் அவன் படித்த பள்ளிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. நொறுங்கிய துண்டுகள் பள்ளி மைதானத்தில் விழுந்து மாணவர்கள் இறந்தார்கள். அன்று தாத்தாவின் சாவுக்குப் போனதால் ரிச்சி பள்ளியில் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1959 பிப்ரவரி. கடுங்குளிரில் ஊர் ஊராகக் கச்சேரி. பஸ்ஸில் சூடு இல்லை. அடுத்த ஊருக்கு ஒரு சிறு விமானம் ஏற்பாடாயிற்று. ஓர் இடம் யாருக்கு என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள். ரிச்சி ஜெயித்தான்.

3-ந்தேதி அதிகாலை அயோவா மாநிலத்தில் பனி மூடிய வயலில் விமானம் விழுந்து நொறுங்கியது. ரிச்சியோடு பட்டி ஹாலி என்ற புகழ்பெற்ற பாடகரும் மற்றொரு பாடகரும் விமானியும் இறந்தார்கள். ரிச்சிக்கு வயது 17.

"நா... நா நா நா நா"

லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதி மெக்சிகோ வம்சத்தார் நிறைந்த இடம். இவர்களைச் "சிக்கானோ" என்பார்கள். அங்கே தெருவுக்குத் தெரு பிள்ளைகள் கோஷ்டி சேர்த்தார்கள்.

"கேனிபல் அண்டு தி ஹெட்ஹன்டர்ஸ்" என்று ஒரு கோஷ்டி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பாட்டு நல்ல பாட்டு. இவர்கள் பாடிய "ஆயிரம் நடனங்களின் நாடு" என்ற பாட்டில் "நா... நா நா நா நா" என்று ஓர் இழுப்பு வரும். பாடகருக்கு மேடையில் வரி மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததை இழுத்தார். அதுவே நிலைத்துவிட்டது என்பது கதை. பிறகு அந்தப் பாட்டைப் பாடியவர்கள் எல்லாம் அந்த இழுப்பைச் சேர்த்தே பாடினார்கள். 1965-ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் கோஷ்டி அமெரிக்காவைச் சுற்றியபோது, முன்னால் பாடும் வாய்ப்பு இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த தட்டுகள் ஓடவில்லை. சீக்கிரமே மறந்துவிட்டார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு கோஷ்டி. தோட்ட வேலைக்கு வந்த மெக்சிகோக் கூலிகளின் பிள்ளைகள். பாடகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார். தம் பெயர் "கேள்விக்குறி" என்றே சொல்வார்! "96 கண்ணீர்த் துளிகள்" என்ற இவர்களுடைய பாட்டு 1966-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டு இன்றும் வானொலியில் கேட்கிறது. பாடியவர்கள் யார் பிள்ளைகள் என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது.

அண்ணன் நிழலில் தம்பி

சந்தானா புகழ் பெற்றதும் எல்லா இசைத்தட்டுக் கம்பெனிகளும் "எங்களுக்கும் ஒரு சந்தானா வேண்டும்" என்று தேடின. பல நல்ல கோஷ்டிகள் வெளிச்சத்துக்கு வந்தன. வந்த வேகத்தில் மறைந்தன.

அவற்றில் முதலில் கேட்க வேண்டியது "மாலோ". கெட்டவன் என்று பொருள். கிட்டார் வாசித்தவர் ஹோர்ஹே சந்தானா. கார்லோசின் சொந்தத் தம்பி! அண்ணன் கோஷ்டியில் கிட்டாரும் ஆர்கனும் முன்னால் நிற்கும். தம்பி கோஷ்டியில் டிரம்பெட், டிராம்போன் என்ற பித்தளைக் குழல்கள் முன்னால் நிற்கும். திருவிழா ஊர்வலம் வருவது போல் இருக்கும்.

1972-ஆம் ஆண்டில் வந்த அவர்களுடைய முதல் தட்டின் உறையே பார்க்கத்தக்கது. மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர்களுக்குப் படம் எழுதிய ஹெல்குவேரா என்ற ஓவியரின் படம் அது. அதில் உள்ள "சுவாவெசீட்டோ" என்ற பாட்டு மயிலிறகால் தடவுவது போன்ற மென்மையான காதல் பாட்டு. சிக்கானோ மக்கள் அதைத் தங்கள் தேசிய கீதம் என்றே சொல்கிறார்கள். கல்யாணங்களில் இன்றும் அந்தப் பாட்டு உண்டு. எழுதியவர் ரிச்சர்டு பீன். அவர் பிறகு "சாப்போ" என்று தனிக் கோஷ்டி கண்டார். சாப்போ என்றால் தேரை! 1974-ஆம் ஆண்டில் ஒரு தட்டு வந்தது. தேடிக் கேட்கத் தகுந்த தட்டு.

மாலோ நான்கு தட்டுகளோடு அந்த ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. தம்பி ஹோர்ஹே 2020-ஆம் ஆண்டில் காலமானார்.

"அஸ்டெக்கா" என்பது இன்னொன்று. கோக் எஸ்கோவேடோ, பீட் எஸ்கோவேடோ என்ற சகோதரர்கள் தொடங்கியது. மேடை ஏறினால் பதினைந்து பேருக்கு மேல்! கல்யாணக் கூட்டம் போல இருக்கும். இத்தனை பேருக்கு வண்டி, சாப்பாடு, சம்பளம் கொடுத்து ஊர் ஊராகப் போக முடியுமா? இரண்டே தட்டுகளோடு முடிந்தது. ஆனால் ஒரு நாள் மத்தளக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, பீட்டின் மகள் அந்த இடத்தில் நின்று வாசித்தாள். அப்போது அவளுக்கு வயது 15. பிற்காலத்தில் "ஷீலா ஈ" என்று உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் "எல் சிக்கானோ" 1970-ஆம் ஆண்டில் "விவா திரதோ" என்ற பாட்டை வெளியிட்டது. பாட்டு என்று சொன்னாலும் வார்த்தையே கிடையாது. ஆர்கனும் கிட்டாரும் கொங்காவும்தான். ஜெரால்டு வில்சன் என்ற கறுப்பர் இன ஜாஸ் மேதை, மெக்சிகோவின் காளைச் சண்டை வீரர் ஒருவருக்காக அமைத்த மெட்டு அது.

அதே ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி, வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துச் சிக்கானோ மக்கள் ஆயிரக்கணக்கில் அதே பகுதியில் ஊர்வலம் போனார்கள். போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள். ரூபன் சலசார் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாளர் ஒரு குண்டு தாக்கி இறந்தார். அந்த வருஷத்தின் கோபத்தையும் பெருமையையும் நினைக்கும்போது, அந்த மக்களின் காதில் இந்த வார்த்தையில்லாத மெட்டுத்தான் ஒலிக்கிறது.

ஏரிக்கரையில் இரண்டு நாள்

அமெரிக்காவில் லத்தீன் ராக் கோஷ்டிகளை மறக்கடித்தது வியாபாரம். மெக்சிகோவில் மறக்கடித்தது சர்க்கார்!

1971-ஆம் ஆண்டு செப்டம்பர் 11, 12. மெக்சிகோ நகருக்கு மேற்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி. பக்கத்தில் அவாந்தரோ. அங்கே மோட்டார்ப் பந்தயம் நடத்தத் திட்டமிட்டார்கள். "ஆள் சேர்வதற்காக முதல் நாள் இரவு சில பாட்டுக் கோஷ்டிகளையும் வைப்போம்" என்று நினைத்தார்கள்.

ஆள் சேர்ந்தது! ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். மூன்று லட்சம் என்பவரும் உண்டு. சாலை அடைத்துக்கொண்டது. மோட்டார்ப் பந்தயத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

மழை பெய்தது. யாரும் நகரவில்லை. துரங்கோ ஊரிலிருந்து வந்த "தக் தக்ஸ்", டிஹுவானாவின் "பீஸ் அண்டு லவ்", "எல் ரிச்சுவல்" என்று கோஷ்டி கோஷ்டியாக இரவு முழுவதும் வாசித்தார்கள். பல கோஷ்டிகள் அப்போது ஆங்கிலத்தில்தான் பாடின. அது அந்தக் காலத்து மோகம். ஆனால் கூட்டத்தில் மெக்சிகோ நாட்டுக் கொடி பறந்தது. கொடியின் நடுவில் கழுகு இருக்க வேண்டிய இடத்தில் சமாதானச் சின்னம்!

வானொலி ஒன்று விழாவை நேரடியாக ஒலிபரப்பியது. "எங்களிடம் சக்தி இருக்கிறது" என்று பொருள்படும் பாட்டை "பீஸ் அண்டு லவ்" பாடியது. மேடையில் கெட்ட வார்த்தையும் விழுந்தது. ஒலிபரப்பு அறுந்தது.

சர்க்கார் ஏன் பயந்தது? 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி மெக்சிகோ நகரில் மாணவர் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏராளமானோர் மாண்டார்கள். 1971-ஆம் ஆண்டு ஜூன் 10-ந்தேதி மறுபடியும் மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்டது. மறுபடியும் பிணங்கள். அதற்கு மூன்று மாதங்கள் கழித்து லட்சக்கணக்கான இளைஞர்கள் ஒரே இடத்தில், யாருடைய உத்தரவும் இல்லாமல் கூடிவிட்டார்கள்!

"ஆபாசம்!", "கஞ்சா!" என்று பத்திரிகைகள் அலறின. கஞ்சா இருந்தது உண்மை. அத்தனை பெரிய கூட்டத்தில் கலகம் எதுவும் மூளவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைப் பெரிய எழுத்தில் போடுவார் இல்லை.

வானொலிகள் மெக்சிகோ ராக் தட்டுகளை ஓரங்கட்டின. கச்சேரிக்கு அனுமதி இல்லை. கம்பெனிகள் கைவிட்டன. கோஷ்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த சந்தானாவும் டிஹுவானாவில் கிட்டார் பழகியவர்தான். "பீஸ் அண்டு லவ்" பிள்ளைகளும் டிஹுவானாவில் பழகியவர்கள்தான். எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே அவர்கள் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

கலையாமல் நின்றவர்கள் நகரின் ஓரத்தில் பழைய கிடங்குகளிலும் கொட்டகைகளிலும் வாசித்தார்கள். அந்த இடங்களைப் "பொந்துகள்" என்றே அழைத்தார்கள். சுமார் பத்துப் பதினைந்து வருஷங்கள் மெக்சிகோவின் ராக் இசை பொந்தில்தான் உயிர் வாழ்ந்தது. அவாந்தரோவில் கடைசியாக, விடிந்த பிறகு வாசித்த கோஷ்டியின் பாடகர் அலெக்ஸ் லோரா. அவருடைய கோஷ்டி "எல் திரி" என்று பெயர் மாறி, 2018-ஆம் ஆண்டில் பொன்விழா கொண்டாடியது!

லீமாவின் நால்வர்

தென் அமெரிக்காவில் பெரு நாடு. 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் சந்தானா கோஷ்டி கச்சேரி செய்ய அந்நாட்டின் தலைநகரான லீமாவில் வந்து இறங்கியது. அங்கே ராணுவ ஆட்சி. "இது அன்னியக் கலாசாரம்" என்று சொல்லி, ஒரு பாட்டுக்கூட வாசிக்கவிடாமல் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

அதே லீமாவில் 1964-ஆம் ஆண்டில் "சைக்கோஸ்" என்ற நால்வர் கோஷ்டி பிறந்தது. ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு என்பதைவிடக் கூச்சல் என்பதே பொருந்தும்! ஆறு சிறு தட்டுகள், 12 பாட்டுகள். 1966-ஆம் ஆண்டில் கலைந்துபோனார்கள். பாடகர் எர்வின் புளோரஸ் அமெரிக்கா சென்று படித்து, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவில் வேலை பார்த்தார்.

கொங்கா இல்லை, கிளாவே இல்லை. இதை லத்தீன் ராக் என்று சொல்லலாமா? தாளமே முக்கியம் என்பவர்கள் கூடாது என்கிறார்கள். மண்ணும் மொழியும் முக்கியம் என்பவர்கள் சொல்லலாம் என்கிறார்கள். தாளத்தைத்தான் இலக்கணமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானிய மொழியில் பாடிய எல்லாமே லத்தீன் ராக் ஆகிவிடும். ஆனால் இலக்கணத்துக்கு வெளியே நிற்பதால் சைக்கோஸின் மதிப்பு குறையாது. உலகத்திலேயே "பங்க்" என்ற முரட்டு ராக் இசை பிறந்த இடம் இதுதான் என்று லீமாவில் அவர்கள் வளர்ந்த பேட்டையில் கல்வெட்டே வைத்துவிட்டார்கள்!

தகப்பனின் மத்தளம்

சிலி நாட்டின் "லாஸ் ஹைவாஸ்" கதை வேறு. பார்ரா சகோதரர்கள் மூவரும் நண்பர்கள் இருவரும் 1963-ஆம் ஆண்டில் தொடங்கிய கோஷ்டி. இவர்கள் கியூபாத் தாளத்தை நாடவில்லை. தங்கள் ஆண்டஸ் மலையின் வாத்தியங்களை எடுத்தார்கள். மூங்கில் குழல், சிறிய நரம்பு வாத்தியமான "சராங்கோ", மலைக் கொம்பு. கூடவே பியானோ, மின்சாரக் கிட்டார்.

1973-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மலை வாத்தியங்களை வாசிப்பதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. கோஷ்டி நாட்டைவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போயிற்று. 1977-ஆம் ஆண்டில் அங்கிருந்து பிரான்சுக்குப் போயிற்று. மனைவி மக்களோடு ஒரே குடும்பம் போலச் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெருதா, மச்சுபிச்சு என்ற பழைய மலை நகரைப் பற்றி எழுதிய கவிதைக்கு இவர்கள் இசை அமைத்தார்கள். 1981-ஆம் ஆண்டில் அந்த மச்சுபிச்சுவுக்கே போய், இடிந்த கற்சுவர்களுக்கு நடுவே பியானோவையும் டிரம்மையும் வைத்து வாசித்துப் படம் எடுத்தார்கள். லத்தீன் ராக்கில் ஒரே ஒரு தட்டைத்தான் கேட்க நேரம் உண்டு என்பவர்கள் இதைக் கேட்கலாம்.

டிரம் வாசித்த கபிரியேல் பார்ரா 1988-ஆம் ஆண்டில் பெரு நாட்டில் மோட்டார் விபத்தில் இறந்தார். அந்த ஆசனம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. அவருடைய மகள் ஹுவானிட்டாவைக் கூப்பிட்டார்கள். அப்போது அவளுக்குச் சுமார் இருபது வயது. பெரியப்பாக்களோடு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து குச்சியைக் கையில் எடுத்தாள். முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்தக் கோஷ்டியின் டிரம் அவள் கையில்தான் இருக்கிறது.